முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் என் கதையைக் கேட்கவில்லை

கேள்வி: வணக்கம் அம்மா. நான் மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். ரப்பர் காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, செம்பனைக் காலத்தில் வெளியே வந்தேன். வயது 62. எங்கள் சிறு நகரத்துத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், வாரம் ஒரு நாள் முதலாம் ஆண்டு வகுப்புக்கு வந்து அரை மணி நேரம் கதை வாசித்துப் பிள்ளைகளை மகிழ்விக்க முடியுமா என்று கேட்டார். ஒப்புக்கொண்டேன். என் பிள்ளைகள் படித்த காலத்து நீதிக்கதைப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, இரண்டு பேர் மேசைக்கு அடியில் புகுந்துவிட்டார்கள். ஒரு பையன், “தாத்தா, யூடியூப் இல்லையா?” என்றான். ஒரு பெண்பிள்ளை நான் கேட்டதற்கெல்லாம் மலாயிலேயே பதில் சொன்னாள். பின்னாலிருந்த ஆசிரியை ஓர் அதட்டல் போட்டதும் எல்லோரும் கைகட்டி உட்கார்ந்தார்கள். ஆனால் ஒருவரும் கதை கேட்கவில்லை. எனக்குக் குரல் வளம் கிடையாது, நடிக்கவும் வராது. கோமாளி உடை போட்டுப் போகலாமா, நாலு மந்திர வித்தை கற்றுக்கொள்ளலாமா, மிட்டாய் கொடுக்கலாமா என்றெல்லாம் யோசிக்கிறேன். அல்லது மரியாதையாக விலகிவிடுவதா? “சின்னப் பிள்ளைகளுக்கு நீங்கள் சரிப்பட்டு வரமாட்டீர்கள்” என்று என் மனைவி சிரிக்கிறார்.

பதில்: அன்புள்ள ஐயா,

விலக வேண்டாம். கோமாளி உடையும் வேண்டாம். அன்றைக்குத் தோற்றது நீங்கள் அல்ல, நீங்கள் எடுத்துப்போன புத்தகம்.

பழைய நீதிக்கதைப் புத்தகங்கள் தனியாக உட்கார்ந்து வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்காக எழுதப்பட்டவை. பக்கம் முழுக்க எழுத்து. படம் இருந்தாலும் தபால்தலை அளவில் ஒரு மூலையில் இருக்கும். அதை ஏழு வயதுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் வாசித்தால், கடைசி வரிசையில் இருப்பவனுக்குத் தெரிவது புத்தகத்தின் அட்டையும் உங்கள் வழுக்கையும்தான். (வழுக்கை இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.) பார்க்க ஒன்றும் இல்லாதபோது அவன் மேசைக்கு அடியில் போவது நியாயமான முடிவு.

தலைமையாசிரியர் சொன்ன ‘மகிழ்விக்க’ என்ற சொல் உங்களைப் பயமுறுத்திவிட்டது என்று நினைக்கிறேன். பாலர் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இந்தப் பயத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். வகுப்பை மகிழ்விப்பதென்றால் தாங்களே வேடிக்கை காட்ட வேண்டும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். மந்திர வித்தை செய்து பாருங்கள், அடுத்த வாரமும் வித்தைதான் கேட்பார்கள். புத்தகம் இடைவேளை ஆகிவிடும். கோமாளியின் முகச்சாயத்தைக் கண்டு அழும் பிள்ளைகளும் முதலாம் ஆண்டில் உண்டு. மிட்டாய் பற்றிப் பேசவே வேண்டாம். எந்தப் பிள்ளைக்கு என்ன ஒவ்வாமை என்று உங்களுக்குத் தெரியாது. அதோடு, மிட்டாய் தீர்ந்த வாரம் உங்கள் மதிப்பும் தீர்ந்துவிடும். அந்த அரை மணி நேரத்தில் வேடிக்கை காட்ட வேண்டியவர்கள் பிள்ளைகள். அதற்கு இடம் கொடுக்கும் புத்தகத்தைத் தேடிப் பிடிப்பதில்தான் உங்கள் சாமர்த்தியம் இருக்கிறது.

எப்படித் தேடுவது? பக்கத்துக்கு இரண்டு, மூன்று வரிக்கு மேல் இருக்கக் கூடாது. புத்தகத்தை விரித்துச் சாப்பாட்டு மேசைமேல் நிற்க வைத்துவிட்டு, வரவேற்பறையின் மறுகோடியில் நின்று பாருங்கள். படத்தில் யார் என்ன செய்கிறார் என்று அங்கிருந்தே சொல்ல முடிந்தால் அது வகுப்புக்கு ஏற்ற புத்தகம். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் கதையாக இருக்க வேண்டும். யானை ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி ஒரே கேள்வியைக் கேட்கிறது என்று வையுங்கள். முதல் கதவில் நீங்கள் கேட்பீர்கள். இரண்டாவது கதவில் முன்வரிசை உங்களோடு சேர்ந்துகொள்ளும். மூன்றாவது கதவில் வகுப்பே கேட்கும், நீங்கள் வாயை மூடிக்கொள்ளலாம். நடிப்பு வராதவருக்கு இதைவிடப் பெரிய துணை கிடையாது.

பள்ளியின் நூல்வள மையத்தில் முதலில் தேடுங்கள். அங்கே பொறுப்பாசிரியர் ஒருவர் இருப்பார், அலமாரியில் எது தூங்குகிறது என்பது அவருக்குத் தெரியும். கிடைக்காவிட்டால் இணையத்தில் ஸ்டோரிவீவர் என்ற தளம் இருக்கிறது. இந்தியாவின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கியது. தமிழ்ப் படக்கதைகள் ஏராளமாக உள்ளன. நிலை ஒன்றிலிருந்து நான்கு வரை தரம் பிரித்திருக்கிறார்கள், உங்கள் வகுப்புக்கு ஒன்றும் இரண்டும் போதும். பதிவிறக்கம் செய்து அச்சிட்டுக்கொள்ள அனுமதியும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டு வழக்கில் எழுதப்பட்ட சில சொற்கள் நம் பிள்ளைகளுக்குப் புரியாமல் போகலாம். வாசிக்கும்போது தயங்காமல் மாற்றிக்கொள்ளுங்கள்.

அச்சிடுவதென்றால் ஏ3 தாளில், தடித்த அட்டையில் அச்சிட்டுத் தனித்தனி அட்டைகளாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் 1930களில் தெருத்தெருவாகச் சைக்கிளில் போய்க் கதை சொன்னவர்கள் இப்படித்தான் செய்தார்கள். கமிஷிபாய் என்று பெயர். படம் பிள்ளைகள் பக்கம், எழுத்து உங்கள் பக்கம். ஒரே ஒரு நுட்பம்: முன்னால் தெரியும் படத்துக்குரிய வரிகள் கட்டின் கடைசி அட்டையின் முதுகில் இருக்க வேண்டும். ஒரு படம் முடிந்ததும் அந்த அட்டையைக் கடைசிக்கு நகர்த்தினால், அதன் முதுகில் அடுத்த படத்துக்கான வரிகள் உங்களைப் பார்த்து நிற்கும். கழுத்தை ஒடித்துப் பக்கவாட்டில் வாசிக்க வேண்டியதில்லை. கணக்குப் புத்தகம் பராமரித்த உங்களுக்கு இந்த ஒழுங்கு பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

வீட்டில் சத்தம் போட்டு மூன்று முறையாவது வாசித்துப் பழகுங்கள். சிரிக்கும் உங்கள் மனைவியையே முதல் கேட்பாளராக உட்கார வையுங்கள். அவர் எந்த இடத்தில் கைத்தொலைபேசியைப் பார்க்கிறாரோ அந்த இடத்தைச் சுருக்கிவிடலாம்.

வகுப்பில் பிள்ளைகளை மேசைகளுக்குப் பின்னால் விட்டு வைக்காதீர்கள். வாசிப்பு மூலை இருந்தால் அங்கே, இல்லையென்றால் வெண்பலகைக்கு முன்னால் பாய் விரித்து, அரைவட்டமாக உட்கார வையுங்கள். நீங்கள் தாழ்வான நாற்காலியில் அமருங்கள். ஜன்னலுக்கு எதிரே முதுகைக் காட்டி உட்கார்ந்தால் வெளிச்சம் அவர்கள் கண்ணில் அடித்து, படம் கறுத்துத் தெரியும். இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். நேர் மேலே மின்விசிறி ஓடினாலும் அப்படித்தான், பாதிச் சொற்களை அது கொண்டுபோய்விடும்.

குரல் வளம் இல்லை என்கிறீர்கள். விடியற்காலை இருட்டில், பெரட்டுக்கு, அதாவது வேலைக்குமுன் ஆள்கணக்கெடுக்கும் அணிவகுப்புக்கு, நின்றவர்களின் பெயர்களைக் கூப்பிட்ட கிராணியா இதைச் சொல்வது? சத்தம் உங்களிடம் போதுமான அளவுக்கு மேலேயே இருக்கும். இங்கே தேவை அதற்கு நேர்மாறானது. கதை சூடுபிடிக்கும் இடத்தில் குரலைத் தாழ்த்துங்கள். பக்கத்தைத் திருப்புவதற்கு முன் மூன்று எண்ணும் நேரம் சும்மா இருங்கள். புதிதாக வாசிப்பவர்களுக்கு இந்தச் சும்மா இருப்பதுதான் மிகக் கடினம், வகுப்பு கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்து ஓட்டமாக ஓடுவார்கள். உண்மையில் அந்த மூன்று நொடியில்தான் பிள்ளைகள் அடுத்து என்ன என்று யோசிக்கிறார்கள்.

மேசைக்கு அடியில் போகிற இருவரையும் இழுத்து வராதீர்கள். அடிபடாமல், பிறரைக் கிள்ளாமல் இருக்கும்வரை அங்கேயே இருக்கட்டும். உடம்பு அசையாமல் இருந்தால்தான் காது கேட்கும் என்பது பெரியவர்களின் நம்பிக்கை. இரண்டாவது வாரமும் அடியில் இருந்தால், “இந்தப் பக்கத்தைத் திருப்ப எனக்கு ஓர் ஆள் வேண்டும்” என்று பொதுவாகச் சொல்லுங்கள். யூடியூப் கேட்ட பையனுக்குக் கோபமில்லாமல், “இல்லை, இன்றைக்குத் தாத்தா மட்டும்தான்” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்தைக் காட்டுங்கள். அவன் துடுக்குத்தனமாகக் கேட்கவில்லை. கதை என்றால் அவனுக்குத் தெரிந்த ஒரே வடிவத்தைக் கேட்டான்.

மலாயில் பதில் சொன்ன பெண்பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவள் உங்கள் கேள்வியைத் தமிழில் புரிந்துகொண்டு, யோசித்து, தனக்கு எளிதாக வரும் மொழியில் பதிலும் சொல்லியிருக்கிறாள். அன்று வகுப்பில் உங்களைக் கவனித்த ஒரே ஆள் அவளாக இருக்கலாம். “தமிழில் சொல்” என்று திருத்தினால் அடுத்த முறை வாயே திறக்கமாட்டாள். அவள் மலாயில் “மெதுவாகப் போகிறது” என்றால், நீங்கள் தமிழில், “ஆமாம், ஆமை மெதுவாக, மிக மெதுவாகப் போகிறது” என்று அவள் சொன்னதையே திருப்பிச் சொல்லி, ஒரு சொல் கூட்டிக் கொடுங்கள். அதுவே பாடம்.

இதற்கு ஆய்வின் ஆதாரமும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், படப்புத்தகத்தை வாசிக்கும்போது திறந்த கேள்விகள் கேட்கவும், பிள்ளை சொன்னதை நீட்டிச் சொல்லவும் பெற்றோர் சிலருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வழக்கம்போல் வாசித்துக் காட்டிய பெற்றோரின் பிள்ளைகளைவிட அவர்களுடைய பிள்ளைகள் ஒரே மாதத்தில் பேச்சில் முந்தியிருந்தார்கள். அது இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளோடு வீட்டில் செய்தது. வகுப்பறையில் கேள்வியை அளவோடு வையுங்கள். ஒரு கதைக்கு மூன்று கேள்விக்கு மேல் போனால் கதை தேர்வாகிவிடும். “இது என்ன நிறம்?” போன்றவற்றை விட்டுவிடுங்கள். “இவன் ஏன் ஒளிந்துகொண்டான்?” என்று கேளுங்கள்.

இந்தப் பெண்பிள்ளைக்காகவே ஒரு கதை சொல்கிறேன். மலாய்ப் பாடத்தில் சாங் கஞ்சில் என்று பிள்ளைகள் அறிந்திருக்கும் சருகுமான் கதையைத் தமிழில் சொல்லுங்கள். அக்கரையில் பழமரம், நடுவில் ஆறு நிறைய முதலைகள். அரசர் விருந்து வைக்கப்போகிறார், உங்களை எண்ணிவரச் சொன்னார் என்று பொய் சொல்லி, முதலைகளை வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் கால்வைத்து எண்ணிக்கொண்டே சருகுமான் அக்கரை சேர்ந்துவிடும். கதை அவளுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்பதால் தமிழ்ச் சொற்களை அவள் ஊகித்துக்கொள்வாள். எண்ணும் வேலையை வகுப்புக்குக் கொடுங்கள். தோளில் போட்டுப்போகும் துண்டைத் தரையில் விரித்தால் அது ஆறு. அதையே சுருட்டினால் முதலை. வேறு நாளில் அது தலைப்பாகை, தொட்டில், மலைப்பாம்பு. கடையில் வாங்கும் பொம்மைகளுக்கு இருநூறு வெள்ளி செலவழிப்பதற்குமுன் உங்கள் துண்டை முயன்று பாருங்கள்.

எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா என்ற தடுமாற்றம் உங்களுக்கும் வரும், எல்லோருக்கும் வருகிறது. என் கருத்து இது: கதையின் நடையைப் புத்தகத்தில் உள்ளபடியே வாசியுங்கள். பாத்திரங்கள் பேசும் இடத்தில் உங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாறுங்கள். முழுக்கப் பேச்சிலேயே சொன்னால், புத்தகத்தின் தமிழ் காதில் விழும் வாய்ப்பே சில பிள்ளைகளுக்கு இல்லாமல் போய்விடும். வீட்டில் அந்தத் தமிழைப் பேச யாரும் இல்லை. முழுக்க எழுத்து நடையிலேயே போனால் மேசைக்கு அடியில் கூட்டம் கூடும். கடினமான சொல் வந்தால் நிறுத்திப் பொருள் சொல்ல வேண்டாம், படத்தில் விரலை வைத்துவிட்டு மேலே போங்கள்.

மொத்தம் எவ்வளவு நேரம் வாசிப்பது? பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். உடனே அதே கதையை மறுபடி, இந்த முறை பிள்ளைகள் எழுந்து நின்று நடிக்க, ஓர் ஐந்து நிமிடம். அடுத்த வாரமும் அதே புத்தகத்தை ஒரு முறை எடுங்கள். உங்களுக்குச் சலிக்கும், அவர்களுக்குச் சலிக்காது. போன வாரம் வாய்திறக்காத பிள்ளை இந்த வாரம் திறப்பதை அப்போது பார்க்கலாம்.

மீதி நேரத்துக்கு உங்களிடம் புத்தகத்தில் இல்லாத சரக்கு இருக்கிறது. உங்கள் பள்ளியின் பெயரிலேயே தோட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகளாவது இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி வைத்துத்தர வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வந்தபின் முளைத்த பள்ளிகள் பல. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபின் அவற்றில் பல நகரத்துக்கு இடம் மாறிவிட்டன, பெயர் மட்டும் கூடவே வந்தது. பலகையில் தோட்டத்தின் பெயரைத் தினமும் பார்க்கும் பிள்ளை, ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பதை ஒரு நாளும் பார்த்திருக்காது.

அவர்களுக்குக் கூகையைப் பற்றிச் சொல்லுங்கள். செம்பனைக்கு நடுவே கம்பம் நட்டு அதன்மேல் வைத்திருந்த மரப்பெட்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழக்குலையைக் கடிக்கும் எலிகளைப் பிடிக்கத் தோட்டமே கூகைக்கு வீடு கட்டிக்கொடுத்தது என்றால் வகுப்பு நம்பாது. நம் வீடுகளில் ஆந்தை அலறினால் அபசகுனம் என்பார்கள். தோட்ட நிர்வாகமோ அதற்கு இலவச வீடு கொடுத்து வேலைக்கு வைத்துக்கொண்டது. கூகை எலியை முழுசாக விழுங்கிவிட்டு, எலும்பையும் மயிரையும் உருண்டையாக உமிழ்ந்துவிடும் என்று சொன்னவுடன் எழும் “ஐயே!” என்ற கூச்சலுக்கு எந்தக் கோமாளியும் ஈடாகமாட்டான். பால் வெட்டுபவர்கள் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு விடியுமுன் போனது ஏன் என்று கேளுங்கள். பேய்க்குப் பயந்து என்பான் ஒருவன், வெயிலுக்குப் பயந்து என்பாள் ஒருத்தி. குளிர்ந்த நேரத்தில்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருந்து பால் நன்றாக ஓடும் என்பதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். ரப்பர்க் காய் வெயிலில் படீரென்று வெடித்து விதை தெறிப்பதை வாயாலேயே ஒலித்துக் காட்டுங்கள். விதைகள் கிடைத்தால் கொண்டுபோங்கள், ஒரு மரத்து விதையின் புள்ளிக்கோலம் இன்னொரு மரத்து விதையில் இருக்காது, ஜோடி சேர்க்கச் சொல்லலாம். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். பச்சை ரப்பர் விதையில் நஞ்சு உண்டு, ஏழு வயதில் எதுவும் வாய்க்குப் போகும். தரையில் தேய்த்துச் சூடேற்றிப் பக்கத்துப் பையன் கையில் வைக்கும் பழைய விளையாட்டை மட்டும் தயவுசெய்து சொல்லிக்கொடுக்காதீர்கள்.

சில நடைமுறை விஷயங்கள். வகுப்பாசிரியை எப்போதும் அறையில் இருக்க வேண்டும், எந்தப் பிள்ளையோடும் நீங்கள் தனியாக இருக்கக் கூடாது. கழிப்பறைக்கு அழைத்துப்போவதும் உங்கள் வேலையல்ல. சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017இல் வந்தபின் பள்ளிகள் இதில் கூடுதல் கவனமாக இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். உங்கள்மேல் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், விதி எல்லோருக்கும் ஒன்றுதான். மடியில் ஏற வரும் பிள்ளையை இயல்பாகப் பக்கத்தில் உட்கார வையுங்கள். படம் எடுத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடாதீர்கள், பிள்ளையின் முகத்தைப் பகிர்வது பெற்றோர் முடிவு செய்ய வேண்டியது. வாயிலில் பாதுகாவலரிடம் பெயர் எழுதிவிட்டுப் போங்கள், தலைமையாசிரியரே எதிரில் நின்று வரவேற்றாலும்.

அதட்டிய ஆசிரியையிடம் மனத்தாங்கல் வேண்டாம். விருந்தாளி முன் வகுப்பு கலைந்தால் தன் பெயர் கெடும் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். ஓய்வு நேரத்தில் தனியாகப் பேசி, “கொஞ்சம் சத்தம் இருந்தால் எனக்குப் பரவாயில்லை, நீங்களும் பாயில் பிள்ளைகளோடு உட்கார முடியுமா?” என்று கேளுங்கள். பின்னால் உட்கார்ந்து பயிற்சிப் புத்தகம் திருத்தும் ஆசிரியையைவிட, பாயில் உட்கார்ந்து சிரிக்கும் ஆசிரியை வகுப்பை எளிதாகக் கட்டிவைப்பார். கதை முடிந்ததும், நிலாம் என்ற பள்ளி வாசிப்புத் திட்டத்தின் பதிவுக்காக எல்லோரும் எழுத வேண்டும் என்று பள்ளி கேட்கக்கூடும். வேறு பாடவேளையில் எழுதட்டும் என்று பணிவாகச் சொல்லுங்கள். கதையின் முடிவில் பென்சில் காத்திருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் கதையையே வெறுப்பார்கள்.

கடைசியாக, நாள். தலைமையாசிரியரிடம் செவ்வாய் அல்லது புதன் கேளுங்கள், ஓய்வுக்கு முந்திய கடைசிப் பாடவேளை வேண்டாம், பசி வந்துவிடும். திங்கட்கிழமை கொடுத்தால் ஏற்காதீர்கள். சபைகூடலில் உரைகள் நீண்டு உங்கள் அரை மணி நேரத்தில் பாதியைத் தின்றுவிடும், உரையாற்றுபவர் தலைமையாசிரியராகவே இருந்தால் நீங்கள் குறைசொல்லவும் முடியாது.